கெண்டைக்கால் இறுக்கம்: எண்ணெயா, சுவரா, வாசல்படியா?

கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போகிறது என்று வாயெடுத்தால் போதும், டெல்டா பக்கம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஒருவருக்கு, நொச்சித் தழை கொதித்த வெந்நீர் இன்னொருவருக்கு. செல்போனில் வீடியோ பார்த்த பேரனோ, "சுவத்தப் புடிச்சுக்கிட்டு ஸ்ட்ரெச் பண்ணுங்க அப்பாயி" என்பான். எல்லாவற்றிலும் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது.

எண்ணெய் தேய்த்து நீவும்போது கிடைக்கிற சுகம் உடனடியானது. அன்றிரவு தூக்கம் நன்றாக வரும். மறுநாள் சாயங்காலம் இறுக்கம் திரும்ப வந்து நிற்கும். இதில் வேலை செய்வது பெரும்பாலும் கையின் அழுத்தமும் சூடும்தான். அதனால் விலை கூடிய தைலத்தைத் தேடிப் போக வேண்டாம், அடுக்களை நல்லெண்ணெயே போதும். கணுக்காலில் தொடங்கி முழங்கால் நோக்கி மேலே நீவ வேண்டும்.

ஒத்தடத்தில் வெந்நீரைவிட வறுத்த உப்பு, தவிட்டு மூட்டைக்கே என் ஓட்டு. அதன் சூடு ஒரே இடத்தில் தங்கி மெதுவாக இறங்கும். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூட்டு ஒத்தடமே வைத்துக்கொள்ள வேண்டாம். தோல் வெந்துபோனாலும் அவர்களுக்குத் தெரியாது. ஐஸ் கட்டி திடீரென்று சதை பிசகினால் முதல் ஓரிரு நாள் வைப்பதற்கு. தினசரி இறுக்கத்துக்கு அது தேவையில்லை.

அடுத்தது சுவர். இங்கேதான் பாதிப் பேர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது முழங்காலையும் தாண்டி மேலே போகிறது, அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ஆகவே இரண்டு விதமாக நிற்க வேண்டும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல் முன்னால் சாய்ந்தால் மேல் தசை நீளும். அதே இடத்தில் பின்கால் முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் இழுப்பு கணுக்கால் பக்கம் இறங்கும். அது அடித் தசை. ஒவ்வொன்றிலும் 30 விநாடி, இரண்டு மூன்று முறை. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பக் கூடாது. ஆட்டி ஆட்டி இழுப்பதும் வேண்டாம்.

பின்தொடைக்கு, நின்றபடி குனிந்து கட்டைவிரலைத் தொடுவதைப் பலரும் செய்கிறார்கள். முதுகுதான் வளைகிறது, தொடை நீளுவதில்லை. படுத்துக்கொண்டு, தோள் துண்டை உள்ளங்காலில் மாட்டி, காலை நேராக மேலே தூக்குவது மேல். மன்னார்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவாரூர் போய், மிச்ச நேரமும் நாற்காலியில் உட்காருகிறவருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

நீட்டிவிட்டால் மறுநாள் உடம்புவலி வராது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வுகளில் அந்தப் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே தெரிந்திருக்கிறது. ராத்திரி குரக்குப் பிடிப்பதில் கதை வேறு. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நடந்த சோதனையில், படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் ஆறு வாரம் நீட்டியவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் பிடிப்புக்குப் பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை. பிடித்துக்கொண்ட நொடியில் கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்தாலே விட்டுவிடும்.

மூன்றாவது வாசல்படி. நான் முதலிடம் தருவது இதற்குத்தான். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் படியின் விளிம்பில் வைத்து, இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவது. தசை நீளுகிறது, நீண்டபடியே பாரமும் தாங்குகிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் வலிக்கு, சுவீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவரின் குழு 1998-ல் வெளியிட்ட முறை இது: 15 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். வெறும் இறுக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம், இரண்டு காலாலும் இறங்கி ஒரு சுற்றில் ஆரம்பிக்கலாம். பாசி பிடித்த குளத்துப் படியில் மட்டும் செய்து பார்க்காதீர்கள்.

குறுவை நடவில் நாளெல்லாம் குனிந்து நிற்கும் பெண்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்களின் பின்தொடை பகல் முழுக்க இழுபட்டே இருக்கிறது. அதை இன்னும் இழுப்பதில் என்ன இருக்கிறது? சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கிக் கெண்டைக்காலும் ஓய்ந்திருக்கும். வேலை நடுவே வரப்பேறி நிமிர்ந்து நாலு எட்டு நடப்பதும், ராத்திரி எண்ணெயும் தவிட்டு ஒத்தடமும்தான் அவர்களுக்குச் சரி. படிப் பயிற்சியை நடவு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கும்பகோணம் பட்டுக்கடையில் நின்றே வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு எந்தப் பயிற்சிக்கும் முன்னால் ஒரு ஸ்டூல் வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேட்டு வாங்கலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் மேலே சொன்ன எதுவும் ஆகாது. ரத்தம் உறைந்திருக்கலாம், நீவவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யானைக்கால் பரவலாக இருந்த ஊர்ப்பக்கம் என்பதால், கால் வீக்கத்தை "அதுவாத்தான் இருக்கும்" என்று தள்ளிப்போடுகிற பழக்கம் இங்கே உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால், பீடி சிகரெட் பிடிக்கிறவரும் சர்க்கரை உள்ளவரும் காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.