கிளிநொச்சிப் பக்கம் பச்சை அப்பிள் வாங்குகிறவர்கள் கவனம்

ஏ9 வீதியோரம் நகருக்குள் இருக்கிற ஒரு பழக்கடை. பெயர் வேண்டாம், ஆனால் அந்தப் பக்கம் பழம் வாங்குகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள், அப்பிள் பை (pie) செய்யவென்று கிரானி ஸ்மித் என்ற புளிப்பான பச்சை அப்பிள் கேட்டேன். முன்னுக்கு அடுக்கியிருந்தது அசல் கிரானி ஸ்மித்தான், கடும் பச்சை, தோலில் வெள்ளைப் புள்ளி. நிறுத்துத் தந்ததோ உள்ளே கிடந்த பெட்டியிலிருந்து, கறுப்புப் பையில் போட்டு முடிச்சும் போட்டு. சாப்பிட பியூஜி என்ற சிவப்பு அப்பிளும் கேட்டேன், அதுவும் அப்படித்தான்.

வீட்டில் கொட்டிப் பார்த்தால் மஞ்சளடிக்கத் தொடங்கிய கோல்டன் டிலிஷியஸ், வேறு இன அப்பிள். நீளக் காம்பு, மண்ணிறப் புள்ளி, ஸ்டிக்கர் உரித்த பசை விரலில் ஒட்டுகிறது. உரிக்க மறந்த ஒன்றில் 4020 என்று இருந்தது, அது ஸ்டிக்கரில் கோல்டன் டிலிஷியஸுக்குப் போடுகிற இலக்கம். பெரிய கிரானி ஸ்மித்துக்கு 4017. கோல்டன் டிலிஷியஸ் கெட்ட பழமில்லை, அதிலும் பை செய்கிறார்கள், ஆனால் புளிப்புக் குறைவு, இதுவோ நாள்பட்டது வேறு. பின்னேரம் ஆட்கள் வரப்போகிறார்கள், அதையே போட்டேன், தேசிக்காய் பிழிந்தும் சரிவரவில்லை, துண்டு நிற்காமல் கூழாகிவிட்டது.

பியூஜி என்று தந்தது ரெட் டிலிஷியஸ். பழத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், நீண்ட பழத்தின் அடியில் ஐந்து புடைப்பு இருந்தால் அது ரெட் டிலிஷியஸ். பியூஜி உருண்டை, மஞ்சளுக்கு மேல் சிவப்புக் கோடு ஓடும். மெழுகு பூசி நல்லாய் மினுங்கியது, கடித்தால் மாவு மாதிரி. மெழுகு சாப்பிடக்கூடியதுதான், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் மினுக்கத்தை வைத்து புதுப் பழம் என்று நம்பாதீர்கள். குளிரறையில் மாதக்கணக்கில் வைத்த பழம் எங்கள் வெக்கைக்கு வெளியில் வந்தால் கெதியாக மாவாகிவிடும். கையில் எடுத்தால் இறுக்கமாக, பாரமாக இருக்க வேண்டும்.

மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். "அக்கா, பச்சை எல்லாம் ஒண்டுதானே, வித்ததை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை" என்றார். பில் கேட்டால் பில் புத்தகம் முடிஞ்சுதாம். கறுப்புப் பை மட்டும் முடியவில்லை.

முன்னுக்கு இருக்கிறதை நீங்களே பொறுக்கி நிறுக்கக் கொடுங்கள், விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பில் கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.