குழந்தைக்கு எச்ஐவி பரிசோதனை: ஆலோசகர் அருமை, காத்திருப்புதான் கொடுமை

எனக்கு எச்ஐவி இருப்பதால், மகனுக்கு 6 வாரம் ஆனதும் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். குதிகாலில் லேசாகக் குத்தி, அட்டையில் இருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தார்கள். அவன் ஒரு நிமிஷம்கூட அழவில்லை, நான்தான் வீடு வரைக்கும் அழுதேன்.

ஆலோசகரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான பரிசோதனையில் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்களே குழந்தையிடம் தெரியக்கூடும், 18 மாதம் வரை அதை நம்ப முடியாது, அதனால்தான் வைரஸையே தேடும் பிசிஆர் என்று பொறுமையாக விளக்கினார். என் கணவரையும் உட்கார வைத்துப் பேசினார். அதுவரை குழந்தையைத் தூக்கவே தயங்கியவர், அன்று அவனை இறக்கி வைக்கவே இல்லை.

குறை என்றால் முடிவு வர 5 வாரம் ஆனதுதான். போன் செய்தால் "இன்னும் வரவில்லை", அவ்வளவுதான். என் எச்ஐவி மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை, இருந்தாலும் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் நெஞ்சு பதறும், மாமியாரிடம் தடுப்பூசிக்குப் போனோம் என்று பொய் வேறு. அன்றே முடிவு சொல்லும் கருவிகள் இருக்கும்போது ஏன் இந்த வதை?

கடைசியில் நெகட்டிவ். பால் நிறுத்திய பிறகு இன்னொரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. அதற்கும் அங்கேதான் போவோம், அந்த ஆலோசகருக்காக.