எலிதான் அளவுகோல்: பூனைக்குப் பச்சைக்கறியா, வெந்த கறியா?

ஏற்காட்டில் அத்தை வீட்டுப் பூனைக்கு யாரும் சோறு வைப்பதில்லை. "அதுவே தேடிக்கும், விடுடா" என்பார் அத்தை. காப்பித் தோட்டத்து எலியைக் கவ்வி வந்து திண்ணையில் போட்டு, தலையிலிருந்து ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்தில் வாலும் ஒரு துணுக்குக் குடலும்தான் மிச்சம். சேலம் அஸ்தம்பட்டியில் மாடி வீட்டுக்குள்ளேயே கிடக்கும் எங்கள் பூனை கருப்பனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முழு எலி என்பது முழுச் சாப்பாடு. எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்திலும் தசையிலும் டாரின் என்ற அமினோ அமிலம், உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். ஆனால் ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான். பூனைக்கு நாளைக்கு எட்டு எலியாவது வேண்டும். விஷம் தின்ற எலி அகப்பட்டால் பூனையும் போச்சு. அத்தை வீட்டில் எலி மருந்தே வைப்பதில்லை.

சரி, பச்சைக்கறி? "இயற்கை உணவு" என்று போன்லெஸ் வாங்கிப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10 மில்லிகிராம் சுற்றி. பாஸ்பரஸோ 200ஐத் தொடும். பூனைக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும். வெறும் கறியிலேயே வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். பச்சைக் கழுத்தெலும்பு தந்தால் ஓரளவு சரியாகும். கருப்பன் தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்து நறுக் நறுக்கென்று கடிப்பதைப் பார்க்கவே அழகு. ஒருமுறை அளவு மிஞ்சிப்போய், மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வந்தது. வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லுசில்லாக உடைந்து குத்தும்.

கிருமிதான் பச்சைக்கறியின் பெரிய வம்பு. ஃப்ரீசரில் வைத்தால் சால்மோனெல்லா சாகாது, தூங்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில், உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக்காய்ச்சலில் செத்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது காதில் விழ வேண்டிய சேதி.

வெந்த கறியைக் குறை சொல்பவர்கள் 1930களில் கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் செய்த சோதனையைத்தான் கையில் எடுப்பார்கள். அவரிடம் சமைத்த கறி தின்ற பூனைகள் நலிந்தன, உண்மை. ஆனால் பூனைக்கு டாரின் கட்டாயம் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது குறைந்தால் இதயம் வீங்கிப் பழுதாகும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியானின் குழு காட்டியதே 1987இல்தான். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கறியோடே ஊற்றினால் பெரும்பகுதி திரும்பிவிடும்.

உலர் தீனி? சத்து கணக்குப் போட்டுச் சேர்த்தது, ஆனால் ஈரம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீர் அதிகம் குடிக்காத பிராணி பூனை; கடுவனுக்குச் சிறுநீர் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அவசரத்துக்கு மட்டும்தான் எங்கள் வீட்டில்.

இப்போது கருப்பனுக்கு முழுதாக வெந்த தொடைக்கறி, நாலு கோழி இதயம், கொஞ்சம் ஈரல், அரைக்கிலோவுக்கு அரை டீஸ்பூன் முட்டையோட்டுப் பொடி, கறி வெந்த தண்ணீர். அவ்வப்போது ஒரு பச்சைக் கழுத்து தந்துகொண்டிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சித் தங்கை வந்திருக்கிறாள், பூனை மலம் வழியாகப் பரவி, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி பயத்தில் அதுவும் நின்றது. கருப்பன் மலம் கழிக்கும் மண்ணைத் தினமும் நானே அள்ளுகிறேன். மலத்தில் வரும் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கருப்பனோ மூன்று நாளாக ஃப்ரிட்ஜ் கதவடியில் உட்கார்ந்து என்னையே முறைக்கிறான்.