நாலு வருஷமாக என் காரில் இருக்கும் டெஸ்ட் லாம்பும் மல்டிமீட்டரும்

2021இல் 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய மல்டிமீட்டரும், அதோடு எடுத்த 12 வோல்ட் டெஸ்ட் லாம்பும் (ஒரு கிளிப், ஒரு கூர்முனை, நடுவில் ஒரு பல்பு, அவ்வளவுதான்) இன்னும் என் டேஷ்போர்டு அறையில்தான் கிடக்கின்றன. காருக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து, வருஷம் ஒருமுறை சோதனைக்குக் காட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் என்ஜின் கொடுக்கும் தொந்தரவைவிட ஒயர்கள் கொடுப்பதுதான் அதிகம்.

இதை வாங்க வைத்ததே ஒரு ஃபியூஸ். மலாக்கா போகும்போது சார்ஜர் சாக்கெட்டில் மூன்று வழி இணைப்பு ஒன்றைச் செருகி, குளிர்பெட்டி, செல்பேசி, டயர் பம்ப் எல்லாவற்றையும் மாட்டுவோம். ஃபியூஸ் போனது. ஒரு வொர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாசம். எங்கள் புளோக்கில் இருக்கும் அண்ணன் ஒருவர், பேருந்துப் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர், ஃபியூஸ் பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தார். மூடியில் அந்த ஃபியூஸுக்கு 15 ஆம்பியர் என்று அச்சாகியிருந்தது. பெட்டியில் இருந்தது பச்சை நிறத்தில் 30. “தம்பி, இப்படிப் போட்டா ஃபியூஸ் எரியாது, ஒயர்தான் எரியும்” என்றார். சாக்கெட்டைக் கழற்றினால் பின்பக்கம் உருகி ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வந்த கார் அது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. வொர்க்‌ஷாப்பிலிருந்து காரை எடுக்கும்போது மூடியில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் நிறமும் பொருந்துகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுங்கள்.

ஃபியூஸைப் பிடுங்காமலே சோதிக்கலாம். தலையில் ஊசி நுழையுமளவு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். லாம்பின் கிளிப்பை எர்த்தில், அதாவது காரின் வெற்று உலோகத்தில் மாட்டி, சாவியை ஆனில் வைத்து, இரண்டு புள்ளியையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லையென்றால் அங்கே கரண்டே வரவில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த இரண்டு கருவிகளில் எனக்கு எது பெரிது என்று தெரிந்தது போன டிசம்பரில்தான். ஜோகூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். 2024 மார்ச்சிலிருந்து சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும். ஆனால் அதற்கும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்க வேண்டுமே. இறங்கியது. காட்டினேன். ஏறவில்லை. மற்ற மூன்று கண்ணாடிகளும் அசையவில்லை. நல்ல மழை. வீடு போய்ச் சேர்வதற்குள் என் வலது தோளிலிருந்து இருக்கை வரை ஊறிவிட்டது. அன்று இரவு கறுப்புக் குப்பைப் பை ஒட்டித்தான் கார் நின்றது.

மறுநாள் விசாரித்த இடத்தில் கண்ணாடி மோட்டாரும், ஓட்டுநர் கதவில் நாலு கண்ணாடிக்குமாக இருக்கும் மெயின் சுவிட்சும் மாற்ற 380 வெள்ளி கேட்டார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “நாலு மோட்டாரும் ஒரே நேரத்துல சாகுமா? நாலுக்கும் பொதுவா இருக்கறதைப் பாருப்பா” என்றார். ஃபியூஸ் சரி. மெயின் சுவிட்சுக்குப் போகும் எர்த் ஒயரை மல்டிமீட்டரில் சோதித்தேன், ‘பீப்’ என்று கத்தியது. இணைப்பு இருக்கிறது என்று நான் விட்டிருப்பேன். அவர் லாம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, முனையைக் கதவுக்குள் இருந்த அதே எர்த் ஒயரில் வைத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது, அவ்வளவுதான். பிறகு என்னைச் சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடினார். பாதி திறந்த இடத்தில் கண்ணாடி சட்டென்று நாலு விரல்கடை ஏறி நின்றது.

கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை உருவியதும் தெரிந்தது: கறுப்பு ஒயரின் தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சையேறி, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதவுதானே ஒரு நாளில் அதிகம் திறப்பது. மல்டிமீட்டர் அனுப்பும் துளி கரண்டுக்கு இரண்டு இழை போதும், மோட்டாருக்குப் போதாது. லாம்ப் தானே கரண்டை இழுப்பதால் அதனிடம் இந்த வேஷம் பலிக்காது. செராங்கூன் கார்டனில் மச்சானின் தரைவீட்டு வாசலில் வைத்துப் புது ஒயர்த் துண்டு கொடுத்து, சால்டர் வைத்து, சூடு பட்டால் சுருங்கி ஒயரை இறுக மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோம். பொருள் செலவு பத்து வெள்ளிகூட இல்லை.

மல்டிமீட்டர் வீண் என்று சொல்லவில்லை. வண்டி ஓய்ந்து நிற்கும்போது பேட்டரி 12.6, ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் லாம்பை எல்லா இடத்திலும் வைக்கக்கூடாது. மஞ்சள் இணைப்பான்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அங்கே லாம்ப் போகவே கூடாது. ஹைபிரிட் காரின் ஆரஞ்சு கேபிள் நம் வேலையே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால், பல கார்களில் தானாக ஏறும் கண்ணாடி அந்த வசதியை மறந்துவிடும். முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி பிடித்தாலே பெரும்பாலும் திரும்பிவிடும். அதைப் பழுது என்று காசு கொடுத்துவிடாதீர்கள்.

இடது பின்கண்ணாடி இப்போது முனகிக்கொண்டு ஏறுகிறது. சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு மங்குகிறது, ஆக கரண்ட் மோட்டார் வரை போகிறது. வெயிலில் காய்ந்த ரப்பர் பள்ளம்தான் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். சிலிகோன் ஸ்ப்ரே வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.