நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை: ஆமை நடை பற்றிய மதிப்புரை

சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கி.மீ. கடற்கரை மணலில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கும், கடல் ஆமைகள் முட்டையிட்ட கூடுகளைத் தேடிச் செல்லும் ஆமை நடையை, 1988 முதல் தன்னார்வலர்களாலேயே இயங்கிவரும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு, முட்டையிடும் பருவத்து வார இறுதிகளில் பொதுமக்களுக்கும் திறந்துவிடுகிறது. என்னை மிகவும் ஈர்த்தது நடைக்கு முன் அவர்கள் ஆற்றும் அறிமுக உரைதான்; பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடல் ஆமையின் முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்பதையும், வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும் என்பதையும், கூட்டிலிருந்து எடுத்த நூறு முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவக் குழியில் ஏன் புதைக்கிறார்கள் என்பதையும் பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கும்படி சொன்னார்கள். ஆமைத் தடத்தைக் கண்டதும் மணலைக் குத்திக் கூட்டைத் தேடும் கைப்பக்குவம் அனுபவத்தில் மட்டுமே வருவது. எங்களுக்கு ஒரு கூடு கிடைத்தது. தாய் ஆமையைக் காணவில்லை, ஆகவே அதை உறுதியாக எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறக்கூடும். எச்சரித்த பிறகும் உடன் வந்தவர்களில் சிலர் கைபேசி விளக்கை எரித்தது எரிச்சலூட்டியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கத் தயாரெனில், எடுத்துச் செல்லத் தண்ணீர்ப் புட்டி ஒன்றே போதும்.