வேர்டில் படம்: வரிக்குள் வைப்பதா, மிதக்க விடுவதா?

வேர்டில் படத்தைச் செருகினால் வழக்கமாக 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' நிலையில் வரும். அதாவது, ஒரு பெரிய எழுத்தைப் போல வரிக்குள்ளேயே உட்காரும். படத்தின் ஓரத்தில் தோன்றும் 'லேஅவுட் ஆப்ஷன்ஸ்' பொத்தானில் 'ஸ்கொயர்' என்று மாற்றினால் மிதக்கத் தொடங்கும். எழுத்து அதைச் சுற்றி ஓடும்.

இடம் மாறுவது
வரிக்குள்: மேலே பத்து வரி சேர்த்தாலும் எழுத்தோடு சேர்ந்தே இறங்கும்.
மிதவை: ஒரு பத்தியில் நங்கூரமிட்டிருக்கும். அந்தப் பத்தி அடுத்த பக்கம் போனால் படமும் போகும். பத்தியை முழுதாக அழித்தால் படமும் அழியும். படம் காணாமல் போனதாகப் பலர் பதறுவது இதனால்தான். இழுத்து நகர்த்தும்போது நங்கூரம் வேறு பத்திக்குத் தாவாமலிருக்க, 'பொசிஷன்' பகுதியில் 'லாக் ஆங்கர்' குறியிடுங்கள்.

நடுவில் நிறுத்த
வரிக்குள்: கன்ட்ரோல்+ஈ போதும்.
மிதவை: அது வேலை செய்யாது, 'அலைன் சென்டர்' வேண்டும்.

தொல்லை
வரிக்குள்: வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்றிருந்தால் படத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். 'சிங்கிள்' ஆக்கினால் முழுதாக வரும்.
மிதவை: அகலமான படத்தின் பக்கத்தில் ஒன்றிரண்டு சொற்கள் மாட்டிக்கொண்டு நிற்கும், 'டாப் அண்ட் பாட்டம்' அதைத் தீர்க்கும்.

ஆய்வேடு, அறிக்கை, பலர் திருத்தும் கோப்பு எல்லாவற்றுக்கும் வரிக்குள் வைப்பதே என் பரிந்துரை. ஒரே பக்க அறிவிப்பு, செய்திமடல் என்றால் மிதவை.