சாப்டர் 15: எல்லை தாண்டிய திவால் வழக்குக்கு எவ்வளவு உதவும்?

வெளிநாட்டில் திவாலான நிறுவனத்தின் அமெரிக்கச் சொத்தைக் காக்க இன்றைக்கு இருப்பதில் உறுதியான வழி, அமெரிக்கத் திவால் சட்டத்தின் 15-ஆம் அத்தியாயமான இதுதான். வெளிநாட்டு வழக்கை அமெரிக்க நீதிமன்றம் அங்கீகரிக்கக் கேட்கும் மனு இது. ஐ.நா.வின் 1997 மாதிரிச் சட்டத்தைத் தழுவி, 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

மனுவோடு, வெளிநாட்டில் வழக்கு தொடங்கியதையும் அதை நடத்தும் பிரதிநிதி நியமிக்கப்பட்டதையும் காட்டும் உத்தரவின் சான்றிட்ட நகல், தெரிந்த மற்ற வெளிநாட்டுத் திவால் வழக்குகளின் விவரம், ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவை வேண்டும். இவற்றோடு திவால் நடைமுறை விதி 1007(a)(4) கேட்கும் பட்டியல்களும் வேண்டும்; ஆனாலும் காகித வேலை குறைவு என்பது பெரிய நிம்மதி.

ஆனால் மனு போட்டதுமே, கடன் கொடுத்தவர்கள் சொத்தின் மீது கைவைப்பதற்கான தடை வந்துவிடாது. விசாரணைக்கு 21 நாள் அறிவிப்பு தர வேண்டும். அதற்குள் கடன் கொடுத்தவர்கள் சொத்தை முடக்கக்கூடும் என்றால், பிரிவு 1519-இன் கீழ் இடைக்கால நிவாரணத்தை அன்றே கேளுங்கள். முதன்மை வழக்கு (நிறுவனத்தின் முதன்மை நலன் மையம் உள்ள நாட்டில் நடப்பது) என்று அங்கீகாரம் கிடைத்தால்தான் பிரிவு 1520-இன் தடை தானாக வரும். மற்ற வகை வழக்கென்றால் நிவாரணம் நீதிபதி பார்த்துத் தருவதே.

சறுக்குவது பெரும்பாலும் "முதன்மை நலன் மையம்", அதாவது நிறுவனம் உண்மையில் எங்கிருந்து நடத்தப்படுகிறது என்ற கேள்வியில். பதிவு முகவரியே அந்த மையம் என்பது வெறும் அனுமானம்தான்; எதிர்ச் சான்று வந்தால் உடையும். அமெரிக்க முதலீட்டு வங்கியான பேர் ஸ்டெர்ன்ஸின், கேமன் தீவுகளில் பதிவான இரண்டு முதலீட்டு நிதிகளுக்கு 2007-இல் எந்த வகை அங்கீகாரமும் கிடைக்கவில்லை. நிர்வாகமும் சொத்தும் நியூயார்க்கில் இருந்தன. எனவே இயக்குநர் கூட்டம், வங்கிக் கணக்கு, ஊழியர்கள் எங்கே என்பதற்கான சான்றை முதலிலேயே திரட்டுங்கள்.

நியூயார்க்கில் தாக்கல் செய்தால், 2013 மேல்முறையீட்டுத் தீர்ப்பின்படி அமெரிக்காவில் இருப்பிடமோ, வணிக இடமோ, ஏதாவது சொத்தோ இருப்பதையும் காட்ட வேண்டும். சொத்துக்கு, வழக்கறிஞரிடம் கட்டிய முன்பணமே போதும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. தேவையற்ற நிபந்தனை இது. நீக்கியே ஆக வேண்டும்.